ஜய், ரய்: ஊர்ப்பெயரில் இல்லாத எழுத்து காசில் எப்படி வந்தது? (சாசானிய அக்கசாலைக் குறிகள் பற்றிய இழை)

தாமிரவருணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னர் இரண்டாம் குஸ்ரோ காலத்து (590–628) வெள்ளி டிராக்ம் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. முன்பக்கம் இறக்கை வைத்த மகுடத்தோடு மன்னர், பின்பக்கம் நெருப்புப் பீடமும் இரு பக்கமும் காவலர்களும். பீடத்துக்கு வலப்பக்கம் இருப்பது அக்கசாலைக் குறி (காசு அடித்த இடத்தைச் சொல்லும் சுருக்கம்), இடப்பக்கம் இருப்பது ஆட்சியாண்டு என்பது வரை படித்துத் தெரிந்துகொண்டேன்.

விற்றவர் ‘ஜி, டி – ஜய், இஸ்பகான்’ என்று எழுதித் தந்தார். இணையத்தில் சுற்றும் அட்டவணைகளும் அதையே சொல்கின்றன. ஆனால் ஜய் என்ற பெயரில் ‘டி’ எங்கே இருக்கிறது? இன்றைய தெஹ்ரானை ஒட்டியுள்ள ரய் நகரத்துக்கும் ‘எல், டி’ என்று போட்டிருக்கிறார்கள். அதில் ‘டி’யும் இல்லை, ‘எல்’லும் இல்லை. எதை வைத்து இப்படி அடையாளம் சொல்கிறார்கள்? படம் இணைத்திருக்கிறேன்.

பழங்காசு மதுரை எழுதியது:

நல்ல காசு, தம்பி. எடை 4 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு மெல்லியதாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். படத்தில் பார்த்தவரை சரியாகத்தான் தெரிகிறது.

குறியைப் பொறுத்தவரை நான் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. வடிவம் பொருந்தினால் ஊரை எழுதிவிடுவேன். ஆனால் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. சுவடி அக்கா இந்தப் பக்கம் வந்தால் விளக்கமாகச் சொல்வார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதைக் கேட்பவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வசதிக்காக: ஆங்கில எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டு வேறு எழுத்துகளும் ‘டி’ ஆகிவிடும். அதனால் பஹ்லவி (சாசானியர் பாரசீகத்தை எழுதிய எழுத்துமுறை) எழுத்துகளுக்கு அவற்றின் அரமேயப் பெயர்களையே சொல்கிறேன். உங்கள் காசில் இருப்பது காமல், தாலத். ரய் நகரக் குறி லாமத், தாலத்.

பஹ்லவி எழுத்து அரமேயத்திலிருந்து வந்தது. அரமேயத்தில் 22 எழுத்துகள். சாசானியர் காலத்தின் பிற்பகுதியில் கைவேகத்தில் எழுதி எழுதி அவற்றில் பல ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காமல், தாலத், யோத் மூன்றும் ஏறக்குறைய ஒரே வடிவம். வாவ், நூன், ரேஷ், அயின் இன்னொரு கூட்டம். நம் பழைய ஓலைகளில் புள்ளி இல்லாமல், ‘ர’வுக்கும் கால்குறிக்கும் வேறுபாடு இல்லாமல் எழுதியிருப்பார்கள் இல்லையா, அதை வாசிக்கும்போது சொல்லை முன்பே அறிந்தவருக்குத்தான் எழுத்து பிடிபடும். பஹ்லவியும் அப்படித்தான். ரகர ஒலிக்கு லாமத்தை எழுதுவதும் அங்கே சர்வ சாதாரணம். ஆகவே லாமத்தைப் பார்த்து ‘ல’ என்று வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரய் நகரத்தின் முதல் எழுத்துச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

இப்போது அந்தத் தாலத். வடிவம் கலந்ததால் அது யோத்தாகவும் இருக்கலாம் என்று சொல்லி முடித்துவிடலாம். அதைவிட நல்ல விளக்கம் மொழியிலேயே இருக்கிறது. பழைய பாரசீகத்தில் உயிரெழுத்துக்குப் பின் வந்த மெல்லிய ‘த்’ ஒலி, காலப்போக்கில் பல சொற்களில் ‘ய்’ ஆகத் தேய்ந்தது. கால் என்பதற்கான சொல் முன்பு ‘பாத்’, பிறகு ‘பாய்’. ‘ராதிய்’ என்ற பழஞ்சொல் ‘ராய்’ ஆனது. பேச்சு மாறியது, எழுத்தர் கை மாறவில்லை. அவர்கள் தொடர்ந்து தாலத் போட்டே எழுதினார்கள். அப்புறம் அதுவே ஒரு வழக்கமாகி, சொல்லின் கடைசியில் ‘ய்’ வந்தால் தாலத் எழுதலாம் என்றாகிவிட்டது. லாமத்-தாலத் என்று எழுதி ‘ரய்’ என்றார்கள். காமல்-தாலத் என்று எழுதி ‘கய்’ என்றார்கள்.

‘ஜய்’ இல்லை, ‘கய்’. அந்த ஊர் சாசானியர் வாயில் கய்தான். கிரேக்க ஆசிரியர்கள் அதையே கபாய் என்று குறித்திருக்கிறார்கள். அரபியர் வந்த பிறகு ‘க’வின் ஒலிப்புடைய வடிவம் அவர்கள் எழுத்தில் இல்லாததால் ஜீம் போட்டு எழுதினார்கள். கய் ஜய் ஆனது, கோர் ஜூர் ஆனது, குர்கான் ஜுர்ஜான் ஆனது.

ஆக, உங்கள் காசிலுள்ள இரண்டே எழுத்தில் காமல் சாசானியர் பேச்சைக் காட்டுகிறது, தாலத் அவர்களுடைய பாட்டன்மார் பேச்சிலிருந்து வந்த எழுத்து வழக்கத்தைக் காட்டுகிறது. அட்டவணையில் உள்ள ‘ஜய்’ அதற்குப் பின்னால் வந்த அரபியர் பேச்சு. மூன்று காலமும் ஒரே வரியில் இருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்தது.

தாமிரவருணி எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் எல்லாக் குறிகளையும் இப்படிப் பின்னோக்கிப் போய்த்தான் வாசிக்க வேண்டுமா?

தோஹாவிலிருந்து எழுதியது:

நான் அரபு எழுத்துள்ள காசுகளைத்தான் சேர்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

சாசானிய அரசு 651 இல் முடிந்தது. ஆனால் காசு அடிப்பது நிற்கவில்லை. அரபு ஆளுநர்கள் குஸ்ரோவின் உருவத்தையும் நெருப்புப் பீடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்த்து அடித்தார்கள். ஸியாத் இப்னு அபீ சுஃப்யான், உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் போன்றவர்கள் பெயர்கூட அவற்றில் பஹ்லவி எழுத்தில்தான் வந்தது. அக்கசாலைக் குறிகளும் பழையவையே தொடர்ந்தன. பிறகு கலீபா அப்துல் மலிக் எல்லாவற்றையும் மாற்றினார். தங்கத்தில் ஹிஜ்ரி 77, வெள்ளியில் 79 (698–699) முதல் உருவம் போய், முழுக்க அரபு எழுத்து வந்தது. வெள்ளித் திர்ஹமில் ‘இந்தத் திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது’ என்று முழுப்பெயரோடு எழுதினார்கள். ஜய், அர்-ரய், இஸ்தக்ர், தாராப்ஜிர்த், சாபூர், அர்தஷீர் குர்ரா, மர்வ், ஹராத், அபர்ஷஹ்ர், ராம்ஹுர்முஸ் என்று நீளும் பட்டியல் அது.

அக்கசாலைக்காரர்கள் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஒரு தலைமுறைக்குள் சுருக்கக் குறி போய் முழுப்பெயர் வருகிறது என்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சாவி வேறு கிடைக்காது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தோஹா நண்பர் சொன்னது மிக முக்கியம். ரய் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். பெஹிஸ்துன் மலையில் முதலாம் தாரியஸ் வெட்டிய கல்வெட்டில் அது ‘ரகா’. கி.மு. முதல் நூற்றாண்டில், சாசானியருக்கு முன் ஈரானை ஆண்ட பார்த்தியர் வெளியிட்ட டிராக்ம்களில் ஒரு சிறு தொகுதி உண்டு. வழக்கத்துக்கு மாறாக அவற்றில் இடப்பெயர் கிரேக்க எழுத்தில் முழுதாக வரும்: ரகாய், மார்கியானே, அரேயா. மார்கியானே என்பது மர்வ். அரேயா என்பது ஹெராத். சாசானியக் காசில் ரய் லாமத்-தாலத் ஆகிறது. கடைசியில் தோஹா நண்பரிடம் இருக்கும் திர்ஹமில் அர்-ரய். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் ஒரே ஊரின் பெயர் நான்கு எழுத்துமுறைகளில் நமக்குக் கிடைக்கிறது. நடுவிலிருந்த ‘க’ மறைந்து ‘ய’ ஆனதை நேரில் பார்க்கலாம். எனக்கு இந்தக் காசுகள் மேல் உள்ள பிரியத்துக்குப் பெரிய காரணமே இதுதான்.

தாமிரவருணி, எல்லாக் குறியையும் பின்னோக்கிப் போய் வாசிக்க வேண்டியதில்லை. சில நேரடியானவை. சம்கத்-தாவ் என்றால் ஸ்தக்ர் (அரபில் இஸ்தக்ர்). பேத்-யோத்-ஷின் என்றால் பீஷாபூர் (அரபில் சாபூர்). ஆனால் ஒரு பொது விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பஹ்லவியில் எழுதப்படும் தாவ் பல இடங்களில் பேச்சில் மெல்லிய ‘த’, எழுதப்படும் பே (வன்மையான ‘ப’) பல இடங்களில் ‘ப’வின் மெல்லிய வடிவம். அர்தஷீர் என்ற பெயரைப் பேசியது மெல்லிய ஒலியோடு, எழுதியது தாவ் போட்டு, ஏனென்றால் அது பழைய ‘அர்தக்‌ஷத்ர’. அர்தஷீர் குர்ராவின் குறி ஆலப்-ரேஷ்-தாவ் என்று வருவது அதனால்தான். நிஷாபூர் பகுதியான அபர்ஷஹ்ரின் குறியில் பே வருவதும் அதே கதை. தபரிஸ்தான் காசுகளைப் பாருங்கள். காஸ்பியன் கரையிலுள்ள அந்த மலைநாட்டில் எட்டாம் நூற்றாண்டிலும் குஸ்ரோ உருவத்தோடு அரை டிராக்ம் அடித்துக்கொண்டிருந்தார்கள், முதலில் உள்ளூர் ஆட்சியாளர்களான இஸ்பஹபத்கள், அப்புறம் அப்பாசிய ஆளுநர்கள். அவற்றில் நாட்டின் பெயர் சுருக்காமல் முழுதாக இருக்கும். அதையும் ‘தபூரஸ்தான்’ என்று பே போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே அரபில் எழுதும்போது பா (மெல்லிய ‘ப’). ஒரே காலத்தில், ஒரே நாட்டில், இரண்டு எழுத்து மரபு.

மணிக்கூண்டு எழுதியது:

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்து வடிவங்கள் கலந்துவிட்டன என்கிறீர்கள். எழுதியது ஒன்று, வாசித்தது வேறு என்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால் எந்தக் குறியையும் எந்த ஊருக்கும் ஒட்டிவிடலாமே? ஆலப்-வாவ் என்று ஒரு குறி. ஓர்மஸ்த்-அர்தஷீர், அதாவது அஹ்வாஸ் என்கிறார்கள். வாவும் நூனும் ஒன்று என்றால் அதையே ஆலப்-நூன் என்று வாசித்து வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். விதி இருக்கிறதா, வசதிக்கு ஏற்ற விளக்கம் இருக்கிறதா?

இன்னொன்று. குறி என்பது ஊரின் பெயர்தான் என்று யார் சொன்னது? சகஸ்தான், கிர்மான் என்பவை மாகாணங்கள். அவற்றுக்கும் குறி உண்டு. அப்படியென்றால் நாம் ‘அக்கசாலை நகரம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பது பாதி இடங்களில் மாகாணத்தின் பெயர்தானோ?

ஏட்டுச்சுவடி எழுதியது:

கோபமே இல்லை. இந்த இழையில் இப்படி ஒருவர் கேட்கவில்லை என்றால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

பஹ்லவி எழுத்தை வாசிக்கத் தொடங்கியதே ஒப்பீட்டில்தான். சில்வெஸ்தர் தே சாசி நக்‌ஷே ருஸ்தம் பாறையில் உள்ள கிரேக்கப் பகுதியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த பாரசீகப் பகுதியை வாசித்தார். 1793 இல் அது அச்சானது. அங்கே கிடைத்த ‘மஸ்தாவை வணங்குபவர், மன்னர்களின் மன்னர்’ என்ற தொடரையே காசுகளிலும் கண்டார். மன்னர் பெயர்கள் அந்த வழியில் உறுதியாயின. அக்கசாலைக் குறிகளுக்கு அப்படி இருமொழிப் பாறை எதுவும் இல்லை. இரண்டு மூன்று எழுத்துதான் இருக்கிறது. அதனால் சான்று வெளியிலிருந்து வர வேண்டும்.

நல்ல சான்று முத்திரைகள். சாசானிய அதிகாரிகளின் முத்திரை பதிந்த களிமண் உருண்டைகள் ஷிராஸ் அருகிலுள்ள கஸ்ரே அபூ நஸ்ரிலும் தக்தே சுலைமானிலும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஊர், மாவட்டம், மாகாணம் எல்லாம் முழுப்பெயரோடு, அதிகாரியின் பதவியோடு இருக்கும். ‘அர்தஷீர் குர்ரா’ என்று ஒரு முத்திரையில் முழுதாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால், காசில் அந்தச் சொல்லின் முதல் மூன்று எழுத்து வருவதை ஊகம் என்று சொல்ல முடியாது. ரீக்கா கீஸ்லன் இந்த முத்திரைகளைத் தொகுத்துச் சாசானிய நிர்வாகப் புவியியலை 1989 இல் வெளியிட்ட பிறகு, அக்கசாலை விவாதத்தின் தரமே மாறியது. அதற்கு முன்பு மோர்ட்மன், பம்பாய்ப் பார்சி அறிஞரான பரூக் (1924), ஆங்கிலேயரான வாக்கர் (1941), வியன்னாவின் கோபெல் என்று ஒவ்வொருவரும் பட்டியல் போட்டார்கள். பல குறிகளுக்கு ஆளுக்கொரு ஊர் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கண்முன் காசு இருந்தது, முத்திரை இவ்வளவு இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியில் நான் உங்கள் பக்கம். பல குறிகளை ஊர் என்பதைவிட நிர்வாகப் பகுதி என்று கொள்வதே சரி. ஃபார்ஸ் மாகாணத்தைப் பாருங்கள். அரபுப் புவியியலாளர்கள் அதை ஐந்து கூராக்களாக (மாவட்டங்களாக) பிரித்துச் சொல்வார்கள்: இஸ்தக்ர், அர்தஷீர் குர்ரா, தாராப்ஜிர்த், சாபூர், அர்ரஜான். அவற்றில் முதல் நான்குக்கும் சாசானியக் குறிகள் தெளிவாகக் கிடைக்கின்றன. பிறகு அரபுத் திர்ஹமிலும் அதே நான்கு பெயர்கள். அர்தஷீர் குர்ரா என்பது மாவட்டத்தின் பெயர், அதன் தலைநகர் கோர். பத்தாம் நூற்றாண்டில் புவையித் மன்னர் அழுதுத் தவ்லா அந்த ஊருக்கு ஃபிரூஸாபாத் என்று பெயர் மாற்றினார். காசில் கோர் என்று இல்லை, அர்தஷீர் குர்ரா என்றுதான் இருக்கிறது. அக்கசாலை உண்மையில் எந்தத் தெருவில் இருந்தது என்பதைக் குறி சொல்லவில்லை, எந்த நிர்வாகத்தின் பொறுப்பில் அடித்தது என்பதைத்தான் சொல்கிறது.

ஆலப்-வாவ் குறித்து: நூன் என்று வாசிக்க வடிவத்தில் தடையில்லை. அதனால்தான் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்கிறேன். அந்தக் குறி எந்தப் புதையல்களில், எந்த ஆண்டுகளில், எந்த அச்சு வேலைப்பாட்டோடு வருகிறது, பக்கத்து ஊர்க் காசுகளோடு முன்பக்க அச்சைப் பகிர்ந்துகொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊர்.

மணிக்கூண்டு எழுதியது:

முத்திரைச் சான்றை ஏற்றுக்கொள்கிறேன். அர்தஷீர் குர்ரா போன்ற தனித்த தொடக்கம் உள்ள பெயர்களுக்கு அது போதும். ஆனால் சாசானிய மன்னர்கள் ஊருக்குப் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். ஏரான்-குர்ரா-ஷாபூர், ஏரான்-ஆசான்-கர்த்-கவாத் என்று ‘ஏரான்’ வைத்தே பல. வெஹ்-அர்தஷீர், வெஹ்-அந்தியோக்-ஷாபூர், வெஹ்-கவாத் என்று ‘வெஹ்’ வைத்தே பல. காசில் முதல் இரண்டு எழுத்துதான் வரும் என்றால் வாவ்-ஹேத் எந்த வெஹ்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இங்கேதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. வெஹ் என்றால் ‘நல்ல, மேலான’. வெஹ்-அர்தஷீர் டைக்ரிஸ் கரையில் தலைநகரப் பகுதியில் முதலாம் அர்தஷீர் எழுப்பியது. வெஹ்-அந்தியோக்-ஷாபூர் குசிஸ்தானில், முதலாம் ஷாபூர் ரோமானியக் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியது, பிற்காலத்தில் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற குந்தேஷாபூர். வாவ்-ஹேத் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒலிமாற்றம் இந்த இடத்தில் கொஞ்சம் உதவும். பாரசீகத்தில் சொல் முதலில் வரும் வகரம் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. சில ‘க’ ஆயின. பெஹிஸ்துன் கல்வெட்டில் வர்கானா என்று இருக்கும் நாடு சாசானியர் காலத்தில் குர்கான். அதன் காசுக் குறியும் காமலில்தான் தொடங்குகிறது. ஆகவே மாற்றம் அதற்குள் முடிந்துவிட்டது என்று காசே சாட்சி சொல்கிறது. வெஹ் போன்ற சொற்கள் வகரத்தோடு நீண்ட காலம் இருந்து பிறகு ‘பெஹ்’ ஆயின. அரபு நூல்களில் வெஹ்-அர்தஷீர் பஹுரசீர் ஆகவும், வெஹ்-கவாத் பிஹ்குபாத் ஆகவும் வரும். பிஹ்குபாத் பெயரில் அரபுத் திர்ஹமும் உண்டு. எனவே ‘பிஹ்’ என்று அரபில் பார்த்தால் பஹ்லவியில் வாவைத் தேட வேண்டும், பேத்தைத் தேடக் கூடாது. இந்த விதி தெரியாமல் தேடினால் சரியான காசு கையிலிருந்தும் கண்ணில் படாது.

யாழ்வாசகன் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதிய குறிப்பில், இலங்கை அரசர் முன்னிலையில் சோபாத்ரோஸ் என்ற வணிகர் ரோமானியப் பொற்காசையும் பாரசீக வணிகர் வெள்ளிக்காசையும் வைத்து எந்த அரசர் பெரியவர் என்று வாதாடியதாக வருகிறதல்லவா. அந்த வெள்ளிக்காசு நீங்கள் பேசும் இந்த டிராக்ம் வகைதானே? அக்கசாலைக் குறியை வைத்துக் கடல்வழி வணிகம் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?

பழங்காசு மதுரை எழுதியது:

வகை அதுதான். சாசானியர் வெள்ளியில் அடித்தது பெரும்பாலும் இந்த டிராக்ம்தான். பொன் குறைவு, அதுவும் பெரும்பாலும் அரசு விழாக்களுக்காக. ஆனால் வணிகர் பையில் இருக்கும் காசு அவர் புறப்பட்ட துறைமுகத்தில் அடித்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பேரரசு முழுக்க ஒரே எடை, ஒரே தரம். எங்கே அடித்தாலும் எங்கும் செல்லும். வளைகுடாக் கரையில் புஷஹ்ர் பக்கம் ரேவ்-அர்தஷீர் இருந்தது, பிற்காலப் பெயர் ரீஷஹ்ர். அங்கே அடித்த காசு கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு காசை வைத்துப் பாதை வரையக் கூடாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

யாழ்வாசகன், உங்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் ஒரு தகவல். பஹ்லவி எழுத்தை நேரில் பார்க்க ஈரான் வரை போக வேண்டாம். பரங்கிமலைத் தேவாலயத்தில் உள்ள பழைய கற்சிலுவையைச் சுற்றி ஓடுவது பஹ்லவி எழுத்துதான். 1547 இல் போர்த்துகீசியர் அதைக் கண்டெடுத்தார்கள். அந்த ஒற்றை வரியை ஆளுக்கொரு விதமாக வாசித்து அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். காரணம் நாம் இங்கே பேசும் அதே எழுத்துக் கலப்பு. கொல்லத்துச் செப்பேட்டில் (849) சாட்சிகள் போட்ட கையெழுத்திலும் பஹ்லவி இருக்கிறது. அவற்றைப் பார்த்துக் கண் பழகினால் காசு எழுத்தும் கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும்.

பழங்காசு மதுரை எழுதியது:

அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். பேத்-பேத்-ஆலப் என்ற குறியை எந்த ஊர் என்று எழுதுவது? என்னிடம் அப்படி ஒன்று நெடுநாளாக ஊர் எழுதாமலே கிடக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அது ஊரே இல்லை. சாசானிய எழுத்தர்கள் பல சொற்களை அரமேயத்தில் எழுதி, பாரசீகத்தில் வாசிப்பார்கள். ‘மன்னர்களின் மன்னர்’ என்பதைக் காசில் அரமேயச் சொல்லான ‘மல்கா’வைக் கொண்டு எழுதி ‘ஷாஹான் ஷாஹ்’ என்று வாசித்தார்கள். குஸ்ரோ காசில் முன்பக்கம் ‘குர்ரா (அரச மகிமை) பெருகியது’ என்ற வாழ்த்து வரும். அதிலும் குர்ரா என்ற சொல்லை எழுதியது அரமேயத்தில். பேத்-பேத்-ஆலப் அந்த வகை. அரமேயத்தில் ‘பாபா’ என்றால் வாசல், வாசிப்பது ‘தர்’. அரச வாசல், அதாவது அரசவை. மன்னர் பாளையம் எங்கே போகிறதோ அங்கே கூடவே போன அக்கசாலை என்று ஒரு கருத்து, தலைநகரிலேயே அரண்மனைக்கு நேர்ப் பொறுப்பில் இருந்தது என்று இன்னொரு கருத்து. உறையில் ‘அரசவை’ என்று எழுதுங்கள். அதற்குமேல் போக வேண்டாம்.

ஆண்டு எழுதும் முறையிலும் இதே இருமொழி உண்டு. ஆட்சியாண்டு இரண்டிலிருந்து பத்து வரை அரமேய எண்ணுப்பெயர்கள். பதினொன்றிலிருந்து பாரசீகம்: யாஸ்தஹ், துவாஸ்தஹ், சேஸ்தஹ். ஆகவே இடப்பக்க எழுத்தை வாசிக்கும்போது முதலில் எந்த மொழி என்று முடிவு செய்துகொண்டால் வேலை எளிது.

தோஹாவிலிருந்து எழுதியது:

அரபு காலத்தில் தோன்றிய புது ஊர்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பஸ்ரா அரபியர் நிறுவிய ஊர். அதற்குப் பழைய பஹ்லவி எழுத்து வழக்கம் எதுவும் இருக்க முடியாது. அரபு-சாசானியக் காசில் அதன் பெயரை எழுத வேண்டி வந்தபோது காதில் கேட்டபடி எழுதினார்கள், அதுவும் சுருக்காமல். அரபு ‘ஸாத்’ ஒலிக்குச் சாதே எழுத்தைப் போட்டார்கள். பழைய ஊர் என்றால் பழைய எழுத்தும் சுருக்கமும், புது ஊர் என்றால் ஒலியும் முழுப்பெயரும். ஒரே மன்னர் உருவத்தின் கீழ் இரண்டும் கிடைக்கிறது.

தாமிரவருணி எழுதியது:

இவ்வளவையும் படித்தபின் வேறொரு குறியைப் பற்றியும் கேட்க ஆசை. வாவ்-யோத்-ஹேத்-சாதே என்று நான்கு எழுத்து வருவதை ஓர் அட்டவணை ‘வெஹ்-அஸ்-ஆமித்-கவாத், அர்ரஜான்’ என்கிறது. இன்னொன்று தலைநகரப் பகுதி என்கிறது. எதை நம்புவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் கருத்தின் பலம் அந்தச் சாதே. முதல் மூன்று எழுத்து ‘வெஹ்’. மிஞ்சுவது ஒரு ‘ச்’. ‘இருந்து, விட’ என்று பொருள்படும் இன்றைய ‘அஸ்’ பழைய பாரசீகத்தில் ‘ஹசா’. இடைக்காலத்தில் அது ‘ஹச்’, ‘அச்’. ஆகவே ‘வெஹ் அச்...’ என்று தொடங்கும் பெயர் வேண்டும். ‘ஆமிதைவிட மேலானது, கவாத் கட்டியது’ என்ற பெயர் அப்படியே உட்காருகிறது. ரோமானியரிடமிருந்து ஆமிதாவைப் பிடித்து, அங்கிருந்து கொண்டுவந்த மக்களைச் சாசானிய மன்னர் கவாத் அர்ரஜானில் குடியேற்றினார். ஃபார்ஸில் நான் குறி சொல்லாமல் விட்ட ஐந்தாவது கூராவுக்கும் குறி கிடைத்துவிடும். மொழி அடிப்படையில் எனக்கு இது மிகவும் பிடித்த விளக்கம்.

மணிக்கூண்டு எழுதியது:

பிடித்திருப்பது வேறு, நிறுவுவது வேறு. இந்தக் குறி இரண்டாம் குஸ்ரோ காலத்தில் ஏராளமாக வருகிறது. மாகாண ஊர் ஒன்றைவிடத் தலைநகரப் பகுதிக்குத்தான் அவ்வளவு உற்பத்தி பொருந்தும் என்று வாதிடுபவர்களையும் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதில் தேதியை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஆமிதா விழுந்தது 503 ஜனவரியில். கவாத் தன் ஆட்சியாண்டை 488 இலிருந்து எண்ணினார், இடையில் பதவி இழந்திருந்த காலத்தையும் சேர்த்து. அப்படியானால் ஆமிதா விழுந்தது அவருடைய 15 ஆம் ஆண்டு. 499 இல் அவர் திரும்பி வந்தபின் தேதியிட்ட காசுகள் 11 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. ஆக 11 முதல் 14 வரை நான்கு ஆண்டுகள் நமக்குச் சோதனைக் களம். அந்த ஆண்டுகளில் இதே நான்கு எழுத்துக் குறி தெளிவாக வந்தால் ஆமிதா விளக்கம் நிற்காது. இன்னும் கைப்பற்றாத ஊரைவிட மேலான ஊர் என்று யாரும் முன்கூட்டிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நேர்மையான சோதனை. ஒப்புக்கொள்கிறேன். 11 முதல் எல்லாமே பாரசீக எண்ணுப்பெயர் என்பதால் ஆண்டை வாசிப்பதும் ஓரளவு எளிது. ஒரே ஒரு எச்சரிக்கை: ‘தஹ்’ என்ற முடிவு எல்லாவற்றுக்கும் பொது. அதனால் தொடக்க எழுத்து தேயாமல் இருக்கும் காசு வேண்டும். யாஸ்தஹ் யோத்தில் தொடங்கும், சேஸ்தஹ் சம்கத்தில்.

இங்கே யாரிடமாவது கவாத் டிராக்ம் இருந்தால், இந்தக் குறியோடு 11 முதல் 16 வரை ஏதாவது ஓர் ஆண்டு தெரிந்தால், பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் தனித்தனியாக, எடையும் விட்டமும் சேர்த்து. ஊர்ப்பெயரை யாரும் முதலில் எழுத வேண்டாம், எழுத்துகளை மட்டும் எழுதுங்கள்.

பழங்காசு மதுரை எழுதியது:

என்னிடம் கவாத் காசுகள் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்துப் படம் போடுகிறேன்.